பிழை திருத்திய கை

சென்னையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "என் பெண்ணுக்குப் பத்து வயதாகிறது. வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆனால் நோட்டை எடுத்து வைத்தால் நாலு வரிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறாள். கட்டுரை எழுதும் பழக்கம் வர எந்த வகுப்பில் சேர்க்கலாம்? என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்? நீங்கள் கதை, கட்டுரை என்று எழுதுகிறவர் ஆயிற்றே! உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்வது சுலபம். நாலு புத்தகங்களின் பெயரை எழுதி, "தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்" என்று புத்திமதியும் சொல்லி முடித்துவிடலாம். மூன்றாவது கேள்விதான் என்னைச் சுருக்கென்று குத்தியது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் அந்தச் சகோதரி இனி என்னிடம் யோசனை கேட்பாரோ, மாட்டாரோ! இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்வது எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

என் பெண் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தலைப்பு எந்தக் காலத்திலும் ஒழியாது போலிருக்கிறது. நான் படித்தபோதும் இதுதான்! ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பாராவில் வழக்கம்போல் அன்னைக்கு நிகர் இல்லை, தெய்வம் என்றெல்லாம் இருந்தது. இரண்டாவது பாராவில் குழந்தை தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்துவிட்டாள். 'என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். பாத்திரம்தான் பேசும்' என்று ஒரு வரி. படித்துவிட்டுச் சிரித்தேன். அதற்கு அடுத்த வரி: 'அம்மா எழுதும்போது நான் ஏதாவது சொன்னால் ம் என்பாள். ஆனால் கேட்டிருக்க மாட்டாள்.'

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வாசகிகளே, உண்மையைச் சொல்கிறேன், அதுதான் முதலில் தோன்றியது. பென்சிலை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் அடித்தேன். 'என் தாயார் ஓர் எழுத்தாளர். இல்லறப் பணிகளுக்கு இடையிலும் இலக்கியத் தொண்டு ஆற்றி வருகிறார்' என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசாமல் உட்கார்ந்து நகல் எடுத்தாள். பத்துக்கு ஒன்பதரை மார்க், 'மிக நன்று' என்ற குறிப்பு. எனக்குப் பெருமைதான், போங்கள்!

மூன்று வாரம் கழித்து 'மழை நாள்' என்று அடுத்த தலைப்பு. காலி நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீயே சொல்லும்மா, நான் எழுதிக்கிறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் சாமான் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது அந்த 'ம்'தான். ஏனென்றால் அந்த ஒற்றை எழுத்தில்தான் நான் வளர்ந்தேன்.

என் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கிற, கோடை வந்தால் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாய் வெடிக்கிற கரிசல் பூமி. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்துக் கொடுத்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் உண்டு. கொடுக்காவிட்டால் தீப்பெட்டிதான். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். ஏதோ மேஜை நாற்காலி போட்டு உட்கார்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள்! அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்னே பஸ் வந்து ஊர் ஊராகப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும். அங்கே போக முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள்.

என் அம்மா வீட்டில் ஒட்டினவள். எழுதப் படிக்கத் தெரியாது. கூலி குரோஸ் கணக்கு. குரோஸ் என்றால் நூற்றுநாற்பத்து நாலு பெட்டி. மயில்துத்தம் கலந்த பசை ஒரு சட்டியில் இருக்கும். நானும் என் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். சாயங்காலம் ஆரம்பித்தால் பத்துப் பத்தரை வரை ஓடும். பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்காதா? அதற்கு அம்மா வைத்திருந்த உபாயம்தான் கதை. ராஜா கதை, பேய்க் கதை, மாமியாரை ஏமாற்றின மருமகள் கதை என்று தினம் ஒன்று சொல்வாள். ஒரு நிபந்தனை உண்டு: நாங்கள் 'ம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். "ஏட்டி, தூங்கிட்டியா? ராசா காட்டுக்குள்ள நிக்கான், ஊங்கொட்டு" என்பாள். நாங்கள் ராஜாவைக் காட்டிலிருந்து மீட்பதற்காகவே கண்ணை அகல விரித்து 'ம்' சொல்வோம். கையும் ஓடும். அம்மா கதை சொன்னது எங்களைச் சந்தோஷப்படுத்தவா, அரை குரோஸ் கூட ஒட்டவா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். அதற்காக அழுததாக ஞாபகம் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் நின்றவர்கள்தான். நாலாம் நாள் எங்கள் டீச்சரம்மா வீடு தேடி வந்துவிட்டார்கள்.

பேர் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. வந்தவர்கள் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. "நீங்க ஏன் டீச்சரம்மா... வேண்டாம்" என்று தடுத்துப் பார்த்தாள். அவர்கள் கேட்கவில்லை. அப்புறம் டீச்சர் ஒட்டின லட்சணத்தைப் பார்த்து அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பெட்டிக்குள்ள ஒரு குச்சி நிக்காது டீச்சரம்மா" என்றாள். ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்கள்: "சாயங்காலம் அவ ஒட்டட்டும் தாயி. பகலை எனக்குக் குடுங்க."

அம்மா கொஞ்ச நேரம் பசைச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ம்" என்றாள்.

அந்த 'ம்' இல்லாவிட்டால் இன்று இந்தப் பக்கத்தில் நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

டீச்சரம்மா அதோடு விட்டார்களா? வருஷக் கடைசியில் பிள்ளைகள் தூக்கிப் போடுகிற நோட்டுகளிலிருந்து எழுதாத தாள்களையெல்லாம் கிழித்துச் சேர்த்து, சணல் நூலால் தைத்து ஒரு புத்தகம் மாதிரி கொடுத்தார்கள். கோடு போட்ட தாள், கட்டம் போட்ட தாள் எல்லாம் கலந்து இருக்கும். "உங்க அம்மா சொல்ற கதையை இதுல எழுதிட்டு வா. இதுக்கு மார்க் கிடையாது" என்றார்கள். நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, 'முன்னொரு காலத்தில் ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தான்' என்று எழுதிக்கொண்டு போனேன். படித்துப் பார்த்துவிட்டு, "உங்க அம்மா இப்படியா சொன்னாங்க?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "பின்னே எப்படிச் சொன்னாங்க? சொல்லு" என்றார்கள். அம்மா மாதிரியே சொன்னேன். ராசா, காடு, ஊங்கொட்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான். "அதை எழுது" என்றார்கள். அவ்வளவுதான் பாடம்.

அவர்கள் சிவப்பு மையை அந்த நோட்டில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பிடித்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார்கள். ஏன் பிடித்தது என்று சொல்ல மாட்டார்கள். நானே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புள்ளிக்காக நான் எழுதின பக்கங்கள் எத்தனை!

பெரியவளாகி நாலு புத்தகம் படித்த பிறகுதான், டீச்சரம்மா செய்த காரியத்தை எங்கள் மண்ணிலே பெரியவர்கள் சிலர் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் என்று ஒரு கிராமம். அந்தச் சின்ன ஊரில் இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் கி. ராஜநாராயணன். இன்னொருவர் 1923-ல் பிறந்த கு. அழகிரிசாமி. இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. அழகிரிசாமிக்கு 'அன்பளிப்பு' தொகுதிக்காக 1970-ஆம் வருஷத்துப் பரிசு. ஆனால் பாருங்கள், அந்த வருஷம் ஜூலையிலேயே அவர் கண்ணை மூடிவிட்டார். 'கோபல்லபுரத்து மக்க'ளுக்காக ராஜநாராயணனுக்கு 1991-ல் கிடைத்தது.

ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சம்சாரி. அவர் என்ன செய்தார் தெரியுமா? கரிசல் காட்டு ஜனங்கள் பேசுகிற வார்த்தைகளைச் சேர்த்து 1982-ல் ஓர் அகராதியே போட்டார். அம்மாமார்கள் அடுப்படியில் பேசுவதும், மாட்டை அதட்டுவதும், பிள்ளையைக் கொஞ்சுவதும் அகராதியில் ஏறுகிற வார்த்தைகள் என்று அதுவரை யார் நினைத்தார்கள்? 1989-ல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் ஆசனத்தில் உட்கார வைத்தது. நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. 2021 மே மாதம் காலமாகும்வரை புதுவைதான் அவருக்கு ஊராயிற்று.

இந்த இரண்டு பேருக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். அவரும் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல, வக்கீலுக்குப் படித்தவர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார்தான். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டியும், பிறகு குற்றாலத்தில் அவர் இருந்த வீடும்தான் பாடசாலை. ஒரு பாட்டை எடுத்தால் அது கேட்பவர் மனசுக்குள் இறங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்வாராம். பேசுகிற தமிழில் ஜீவன் இருக்கிறது என்பது அவர் கட்சி. 1954-ல் அவர் மறைந்தார். மார்க் போடாத வாத்தியார்களின் வரிசை ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. என் டீச்சரம்மாவையும் அந்த வரிசையின் கடைசியில் ஒரு பலகை போட்டு உட்கார வைத்துவிடுகிறேன். யார் ஆட்சேபித்தாலும் சரி!

அழகிரிசாமியும் அந்த ஜாதிதான். 1952-ல் மலாயாவுக்குப் போய்க் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்த ஐந்து வருஷமும், அங்கே புதிதாக எழுத வந்தவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். அவருடைய 'குமாரபுரம் ஸ்டேஷன்' கதையை நீங்கள் படித்ததில்லையென்றால் படித்துவிடுங்கள். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேருவதற்காக ரயில் ஏறுகிற கிராமத்துப் பையன்கள் அதில் வருகிறார்கள். ரயில் பெட்டியே பள்ளிக்கூடமாகிவிடுகிற அதிசயம் அந்தக் கதை.

நான் தூக்கம் வராமல் புரண்ட அன்று எடுத்துப் படித்தது அதை அல்ல. 'ராஜா வந்திருக்கிறா'ரை எடுத்தேன். தீபாவளிக்கு முந்தின நாள். தாயம்மாள் என்ற ஏழைத் தாய். அவள் வீட்டு வாசலுக்கு உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைப் பையன் வருகிறான். அவன் பேர் ராஜா. அவனைக் கூப்பிட்டு, தன் பிள்ளைகளோடு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கட்டிக்கொள்ள அவனுக்குத் துணி இல்லை. புருஷனுக்கென்று தீபாவளிக்கு வாங்கின துண்டு ஒன்றுதான் பெட்டியில் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்று அவள் தவிக்கிறாள். கொடுத்துவிடச் சொல்கிறவள் அவள் பெண் மங்கம்மாள், ஒரு சின்னக் குழந்தை. அந்தக் குழந்தை சொல்லித்தான் தாய்க்கு மனம் தேறுகிறது.

முன்பு எத்தனையோ தடவை படித்த கதை. ஒவ்வொரு தடவையும் தாயம்மாளுக்காகத்தான் கண் கலங்கியிருக்கிறேன். அன்றைக்கு மங்கம்மாளிடம் போய் மனம் நின்றுவிட்டது. தாயம்மாளுக்குத் தன் பெண் பேசினது காதில் விழுந்தது அல்லவா? எனக்கு விழுந்ததா?

ராஜநாராயணனின 'கதவு' கதையிலும் இப்படித்தான். தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவையே கழற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். அந்தக் கதவில் ஏறி ஊஞ்சல் ஆடின குழந்தைகளுக்கு அது போனது என்னவாக இருந்தது என்பதைக் குழந்தைகளின் பக்கத்தில் நின்று சொல்கிறார். ராஜம் கிருஷ்ணன் அம்மையார் 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதினாரே, அது எங்கள் தீப்பெட்டிக் குழந்தைகளின் கதை. பெண்கள் படித்துப் பட்டம் வாங்குவது அபூர்வமாயிருந்த காலத்தில், பள்ளிப் படிப்புக்கூட நிரம்ப இல்லாமல், பதினைந்து வயதில் கல்யாணமாகி வந்தவர் அவர். சொந்தக் குழந்தை இல்லை. எழுதுவதற்கு முன் அந்தந்த இடத்துக்கே போய் ஜனங்களோடு பேசிவிட்டு வந்தவர். இல்லாத குழந்தைகளின் பேச்சை அவர் அப்படிக் கேட்டார். இருக்கிற ஒரு குழந்தையின் பேச்சை நான் பென்சிலால் அடித்தேன்.

இன்னொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் எட்டயபுரம். அங்கே சுப்பையா என்ற குழந்தைக்கு ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாள் இறந்துபோனாள். தகப்பனாருக்குப் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரனாக வேண்டும் என்று ஆசை. பிள்ளைக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய். அந்தப் பிள்ளைதான் பாரதியார். தாய் இருந்திருந்தால் அந்தக் குழந்தை சொன்ன முதல் வரிக்கு 'ம்' கொட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. ராத்திரி வேளையில் இப்படியெல்லாம் நினைத்தால் அழுகை வரத்தான் செய்யும்.

மறுநாள் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை. பெற்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய நோட்டுகளை எடுத்துப் போட்டு, எழுதாத தாள்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்தேன். டீச்சரம்மா தைத்த மாதிரி நேராக வரவில்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடுத்தேன்.

"என்னம்மா இது?"

"உன் இஷ்டத்துக்கு எழுது. இதுக்கு மார்க் கிடையாது."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ படிப்பியா?"

"நீ காட்டினால் படிப்பேன்."

"காட்டலைன்னா?"

எழுதுகிறவளுக்கு அது லேசான கேள்வியா, சொல்லுங்கள்! என் வாயில் பதில் வரவில்லை. "ம்..." என்றேன்.

"இது எந்த ம்மும்மா? கேட்டுட்டுச் சொல்ற ம்மா, கேக்காமச் சொல்ற ம்மா?" என்றாள், சிரிக்காமல்.

சென்னைச் சகோதரிக்கு: எந்த வகுப்பு என்று கேட்டிருந்தீர்கள். காசு கட்டிச் சேர்க்கிற வகுப்புகள் இப்போது ஏராளம். அவற்றைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பெண் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் குறையாகச் சொல்வதுபோல் எனக்குப் பட்டது. அவள் பேசுவதில் ஒன்றிரண்டை, அவள் சொன்ன வார்த்தையிலேயே, ஒரு தாளில் நீங்கள் குறித்து வைத்துப் பாருங்கள். பத்து நாள் கழித்து அவளுக்கே படித்துக் காட்டுங்கள். என் டீச்சரம்மா இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிழை திருத்துகிற வேலையைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிடலாம். அங்கே சிவப்பு மைக்குப் பஞ்சமில்லை.

என் பெண்ணின் நோட்டு அவள் துணி அலமாரியில் பாவாடைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்குமிடம் எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நான் இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை. போன வெள்ளிக்கிழமை ராத்திரி, ஒரு கதையை இந்தப் பத்திரிகைக்கு முடித்து அனுப்ப வேண்டும் என்று நான் அவசரமாக எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்றாள். "ஆச்சியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். படிக்கட்டா?" என்றாள்.

பேனாவை மூடினேன். மூடியைக் காணோம், தேடிப் பிடித்து மூடினேன். அவள் படித்தாள். ஒவ்வொரு வரி முடிவிலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனாள். கதை அனுப்ப ஒரு நாள் தாமதம் ஆயிற்று.